நாலு பாட்டிலுக்கு செஷன்ஸ் கேஸ், கையை உடைத்தவருக்கு ஸ்டேஷன் ஜாமீனா?

20 நவம்பர் 2025, மாலை (வந்த கேள்வி)

எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம். தங்கச்சியை எல்லை தாண்டிக் கேரளாவில், கொழிஞ்சாம்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். போன வாரம் அங்கே காதுகுத்து. என் மச்சினன் டாஸ்மாக்கில் நாலு ஃபுல் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு கோபாலபுரம் எல்லையைத் தாண்டினான். தாண்டிய ஐந்தாவது நிமிஷம் எக்சைஸ் பிடித்துவிட்டது. ரிமாண்ட். செஷன்ஸ் கேஸ், ஜாமீன் லேசில் கிடைக்காது என்கிறார்கள். எங்கள் தெருவில் வாய்க்கால் தகராறில் ஒருத்தர் பங்காளியின் கையை உடைத்தார். அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார். செஷன்ஸ் என்றால் கொலை, கொள்ளைக்குத்தானே? கை ஒடிப்பதைவிட நாலு பாட்டில் பெரிய குற்றமா?

20 நவம்பர், இரவு 10 மணி

நான் வக்கீல் இல்லை. பாலக்காட்டுச் சித்தூரிலும் பாலக்காட்டிலும் இருபத்தாறு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கட்டுத் தூக்கியவன். கட்டைத் தூக்கியவனுக்குக் கட்டுக்குள் இருப்பது கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

உங்கள் தெருக்காரர் செய்தது கொடுங்காயம். எலும்போ பல்லோ உடைந்தால் அது கொடுங்காயம். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 117(2), ஏழு வருஷம் வரை தண்டனை. போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், ஆனால் பெயிலபிள். அதாவது ஜாமீன் அவருடைய உரிமை, ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். அதே கையை அரிவாளால் வெட்டியிருந்தால் 118(2), ஆயுள் வரை போகும், ஜாமீன் கோர்ட்டில்தான். வெறுங்கையால் முறுக்கி உடைத்தவர் புத்திசாலி, அல்லது அரிவாள் கைக்கெட்டவில்லை.

உங்கள் மச்சினன் மேல் போட்டிருப்பது கேரளாவின் மதுச் சட்டமான அப்காரி சட்டம் 55(ஏ) ஆக இருக்கும். அனுமதியில்லாமல் மதுவை மாநிலத்துக்குள் கொண்டுவருவது. பத்து வருஷம், ஒரு லட்சம். ஏழுக்கு மேல் போனதால் செஷன்ஸ்.

21 நவம்பர், காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மச்சினன் வீட்டு அத்தை சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். என் தப்பு. 'பத்து வருஷம், ஒரு லட்சம்' என்று மொட்டையாக எழுதியிருக்கக் கூடாது. சரியாகச் சொல்கிறேன்: சிறை பத்து வருஷம் வரை, அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாமல். 'வரை' சிறைக்கு. 'குறையாமல்' பணத்துக்கு. ஒரே வாக்கியத்தில் ஒன்று கூரை, இன்னொன்று தரை. இதை மாற்றிப் படித்துவிட்டு வீடு விற்கக் கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே அப்படி எழுதிவிட்டேன்.

அத்தையை எழுந்து கஞ்சி குடிக்கச் சொல்லுங்கள். பத்து வருஷம் வரை என்றால் பத்து நாளும் அதற்குள் அடங்கும்.

இதே 'வரை' இன்னோர் இடத்திலும் உதவும். குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் 60-ஆம் நாளோ 90-ஆம் நாளோ ஜாமீன் கேட்கலாம். மரண தண்டனை, ஆயுள், பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை ஆகியவற்றுக்கு 90 நாள். மற்றதற்கு 60. பத்து வருஷம் 'வரை' என்பது 60-ல்தான் சேரும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் ராகேஷ் குமார் பால் வழக்கில் சொன்னது. அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சொற்களைப் பற்றிச் சொன்னது. புதியதில் 'பத்து வருஷம் அல்லது அதற்கு மேல்' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள், அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு வாதாட இடமிருக்கிறது. எப்படியிருந்தாலும் 61-ஆம் நாள் மனு கையில் தயாராக இருக்கட்டும். அதற்குள் வெளியே வந்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

21 நவம்பர், இரவு

கார் யாருடையது என்று கேட்க மறந்துவிட்டேன்.

22 நவம்பர்

நினைத்தது சரி, மாமனார் கார். ஆளைவிடக் கார்தான் வெளியே வரச் சிரமப்படும். அப்காரி சட்டத்தில் வாகனத்தைப் பறிமுதல் செய்வது கோர்ட் இல்லை, எக்சைஸ் துறையின் அதிகாரி. அது தனிக் கட்டு, தனி நோட்டீஸ், தனி விசாரணை. கோர்ட்டில் ஆள் விடுதலையானாலும் கார் தானாக வாசலுக்கு வந்து நிற்காது. எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் தடுக்க வேண்டியதையெல்லாம் தடுத்தேன் என்று உரிமையாளர்தான் காட்ட வேண்டும். மாமனாருக்கு நோட்டீஸ் வந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டாமல் அன்றைக்கே வக்கீலிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

எக்சைஸ் ஆபீஸ் வளாகங்களில் டயர் மண்ணில் புதைந்து, போனட்டில் கொடி படர்ந்து நிற்கும் வண்டிகள் எல்லாம் இப்படி வந்தவைதான். அதில் ஒரு பழைய அம்பாசிடரை நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமும் பார்த்தேன், ஓய்வு பெற்ற வருஷமும் பார்த்தேன்.

23 நவம்பர்

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: கேரளாவில் ஆளுக்கு மூன்று லிட்டர் வைத்திருக்கலாமே, நாலு ஃபுல் என்றால் நாலு முக்கால் மூன்று லிட்டர் சரியாக வருகிறதே, அப்புறம் எப்படிக் கேஸ்?

கணக்கு சரி, பாட்டில் சரியில்லை. அந்த மூன்று லிட்டர் கேரளாவில் முறையாக விற்ற சரக்குக்கு. டாஸ்மாக் பாட்டிலில் தமிழ்நாட்டில் மட்டும் விற்பனைக்கு என்று ஒட்டியிருப்பார்கள். அந்த லேபிளோடு இங்கே வந்தால் அளவு அப்புறம், முதலில் 'எப்படி உள்ளே வந்தது' என்ற கேள்வி. எல்லைக்கோட்டில் நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். டிக்கி ஒன்று, பாட்டில் ஒன்று, குடிக்கப் போகும் ஆளும் ஒன்று. பத்தடி தள்ளி அது பில் போட்ட பொருள், இங்கே தொண்டி, அதாவது கேஸில் பிடிபட்ட பொருள்.

ஆனால் அப்காரி சட்டத்தில் 63 என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேறு எங்கும் தண்டனை சொல்லாத மீறலுக்கெல்லாம் அது. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். 55-ல் நிற்கிறதா 63-க்கு இறங்குகிறதா என்பதில்தான் உங்கள் மச்சினன் கதை இருக்கிறது. இரண்டு எண்ணுக்கும் நடுவே எட்டு வருஷம். அதை முதலில் எழுதுவது நீதிபதி இல்லை. ரோட்டோரம் ஜீப் போனட்டில் பேப்பரை வைத்து மகசர், அதாவது பிடித்த விவரக் குறிப்பு, எழுதும் அதிகாரி. அதனால் மகசர் நகலை முதலில் வாங்குங்கள். ஜாமீன் மனுவுக்கு முன்னால் அது வேண்டும்.

23 நவம்பர், இரவு

கேரளாவில் குடிக்க 23 வயது ஆக வேண்டும், தமிழ்நாட்டில் 21. மச்சினனுக்கு வயது என்ன என்று நான் கேட்கப் போவதில்லை.

25 நவம்பர்

'ஏழுக்கு மேல் போனதால் செஷன்ஸ்' என்று எழுதியிருந்தேன். அப்படியானால் ஏழு வருஷக் கை ஒடிப்பு பெயிலபிள் ஆனது எப்படி என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஜூனியர் வக்கீலும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

நடைமுறைச் சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது. அதற்கு இரண்டு பாகம். முதல் பாகத்தில் நியாய சன்ஹிதாவின் குற்றங்கள் ஒவ்வொன்றாக, வரி வரியாக: வாரண்ட் வேண்டுமா, ஜாமீன் உரிமையா, எந்தக் கோர்ட். அங்கே வருஷத்துக்கும் ஜாமீனுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. ஆட்டுத் திருட்டுக்கு மூன்று வருஷம் வரைதான், ஆனால் நான்-பெயிலபிள். எலும்பு முறிவுக்கு ஏழு, பெயிலபிள். 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தைச் சுற்றிப் பின்னிய அட்டவணை, 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்தபோதும் பெரும்பாலும் அப்படியே நகர்ந்து வந்திருக்கிறது. ஆட்டை இழந்தவனின் கோபத்தை வெள்ளைக்காரன் பெரிதாக நினைத்தான் போல. எலும்பு முறிவை ஊர்ச் சண்டை என்று பார்த்திருக்கிறான். இன்றைக்கும் அடிபட்டவர் சம்மதித்துக் கோர்ட்டும் அனுமதித்தால் அதை ராஜி பண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாம் பாகம் மற்ற சட்டங்களுக்கு. அந்தச் சட்டம் தனக்கென்று வேறு ஏற்பாடு வைத்திருக்காவிட்டால் இங்கே வெறும் வருஷக் கணக்குதான். மூன்றுக்குக் கீழே: வாரண்ட் வேண்டும், ஜாமீன் உரிமை. மூன்று முதல் ஏழு: நான்-பெயிலபிள், முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட். ஏழுக்கு மேல்: செஷன்ஸ். அப்காரியின் பத்து வருஷம் இந்தத் தராசில் ஏறித்தான் செஷன்ஸுக்குப் போகிறது. அது போதாதென்று அப்காரி சட்டம் தன் பங்குக்கு ஜாமீனில் இன்னொரு பூட்டுப் போட்டிருக்கிறது. மூன்று வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் அரசு வக்கீலுக்கு வாய்ப்புத் தராமல் விடக்கூடாது. அவர் எதிர்த்தால் ஆள் குற்றமற்றவர் என்று நம்பக் காரணம் இருக்கிறதா என்று கோர்ட் பார்க்க வேண்டும்.

ஆகவே கை ஒடித்தவரையும் மச்சினனையும் ஒரே தராசில் யாரும் நிறுத்தவில்லை. தராசே இரண்டு.

ஏழு என்ற எண்ணுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. ஏழு வருஷம் வரையுள்ள குற்றத்தில் கைது தானாக நடக்கக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்து வருஷக்காரருக்கு அந்தக் குடையும் கிடையாது.

26 நவம்பர்

புதிய சட்டத்தில் ஒரு கூடுதல். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருள் திருட்டு என்றால் போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்க முடியாது, ஜாமீனும் உண்டு. முதல் தடவைக்காரர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. நம் ஊர் விலைக்கு மொழிபெயர்த்தால்: ஆட்டுத் திருட்டு காக்னிசபிள் (வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம்), கோழித் திருட்டு இல்லை.

26 நவம்பர், இரவு

சண்டைச் சேவல் பதினைந்தாயிரத்துக்குப் போகிறது என்று ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் திருத்தியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். அது கோழி இல்லை, சொத்து.

28 நவம்பர்

கேரளாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமை என்ற கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

கொலை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கொலை. கஞ்சாவும் அப்படித்தான், அது 1985-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம்: ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருஷம் வரை. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, பத்துக்குக் குறையாமல் இருபது வரை. நடுவே இருந்தால் பத்து வரை. வாளையாரில் பிடித்தாலும் மதுக்கரையில் பிடித்தாலும் அதே எண். சாராயம் மட்டும் அரசியல் சாசனத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் எது குற்றம், எவ்வளவு பெரிய குற்றம் என்று ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறது.

இந்த அப்காரி சட்டம் முதலில் கொச்சி ராஜ்யத்தின் சட்டம், கொல்லம் ஆண்டு 1077-ன் முதல் எண். நம் கணக்கில் 1902 வாக்கில். சித்தூர் அப்போது கொச்சி ராஜாவின் துண்டு நிலம், சுற்றிலும் வெள்ளைக்காரனின் மலபார். கேரளாவின் மற்ற பகுதிகளுக்கு இந்தச் சட்டம் 1967-ல்தான் போனது, சித்தூர்க்காரனுக்கோ தாத்தா காலத்துச் சட்டம். அதற்கு முன்னால் மலபாரில் சென்னை மாகாணத்து மதுவிலக்கு நடந்துகொண்டிருந்தது. ஆகவே என் அப்பா வாலிபராக இருந்தபோது எல்லைக்கோடு வேறு இடத்தில் ஓடியது. பாலக்காட்டுக்காரர்கள் சித்தூருக்கு வந்து குடித்துவிட்டுப் போவார்களாம். கோடு நகர்ந்தது, குடித்தவர்கள் அவர்களேதான்.

1996 ஏப்ரல் 1-ல் கேரளா சாராயக்கடைகளை மூடியது. அடுத்த வருஷம் தண்டனையைத் தூக்கி இப்போதுள்ள பத்து வருஷம், ஒரு லட்சத்தில் வைத்தது. காரணம் எனக்குக் கண்ணால் தெரியும். கடையை மூடிய கையோடு ஸ்பிரிட் வர ஆரம்பித்தது. முப்பத்தைந்து லிட்டர் கேன்கள், லாரியில் தேங்காய் மட்டைக்கு அடியில், தவிட்டு மூட்டைக்கு அடியில். தென்னந்தோப்பில் குழி தோண்டிப் புதைத்து வைப்பார்கள். தோப்புக்காரருக்கே தெரியாமல் அவர் தோப்பில் புதைத்த கேஸ் ஒன்றும் எங்கள் ஆபீஸில் இருந்தது. அந்த லாரிக்காக அளவெடுத்துத் தைத்த சட்டையைத்தான் இப்போது உங்கள் மச்சினனுக்கு மாட்டியிருக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் கூடாது. சித்தூர் தாலுகாவிலோ கள்தான் ஊரையே நடத்துகிறது, இங்கிருந்து பெர்மிட்டோடு வண்டி வண்டியாகத் தெற்கே போகிறது. இறக்குபவர்களில் பாதிப்பேர் தமிழ்க்காரர்கள். என் சித்தப்பா பையன் அதில் ஒருவன். 2003-ல் ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து டிவிஎஸ் 50-ல் இரண்டு லிட்டர் கேனை மாட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனான். மாமியார் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். மாமனாருக்கு மூட்டுவலி, கள் கேட்டிருக்கிறார். அங்கே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து அவன் செய்தது உரிமம் உள்ள தொழில், ஷாப்பில் கூலி வாங்கியிருக்கிறான், அதே கள். 'எந்த மரத்திலிருந்து எடுத்தாய்?' என்று கேட்டார்களாம். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். மரம் அங்கிருந்தே தெரிந்தது.

நான்தான் போய் அழைத்து வந்தேன். வழி முழுக்கப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் 'அண்ணா, அது புளிச்சே போச்சு' என்றான்.

29 நவம்பர்

ஒருவர் செம்மரம் வெட்டினால் எத்தனை வருஷம் என்று கேட்டிருக்கிறார். அது ஆந்திரத்துச் சித்தூர் பக்கம், ஐயா. என் சித்தூர் பாலக்காட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சட்டத்தை நான் கையாண்டதில்லை. ஆனால் 2015 ஏப்ரல் 7 நினைவிருக்கிறது. சேஷாசலம் காட்டில் போலீஸார் இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள், தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டப் போனவர்கள். பிரிவு எழுத, கோர்ட்டைத் தீர்மானிக்க, வருஷம் எண்ண அங்கே யாருக்கும் வேலை வைக்கவில்லை.

2 டிசம்பர்

ஆயுள் தண்டனை பதினாலு வருஷம்தானே, பகலையும் ராத்திரியையும் தனித்தனியாக எண்ணி ஏழு வருஷத்தில் விட்டுவிடுவார்களாமே? இந்தக் கேள்வி ஊருக்கு ஊர் டீக்கடையில் இருக்கிறது, இங்கேயும் வந்துவிட்டது.

ராத்திரிக் கணக்கு சுத்தப் பொய். வியூர் ஜெயிலில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் நான் கேட்டேன், ராத்திரிதான் நீளம் என்றார்.

ஆயுள் என்றால் ஆயுள் முழுதும். 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினாலு எங்கிருந்து வந்தது? மரண தண்டனையும் விதித்திருக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் கிடைத்தவரைப் பதினாலு வருஷம் முடியும் முன் அரசு விடுவிக்கக் கூடாது. அது விடுதலைத் தேதி இல்லை, மனுவைப் பார்க்கத் தொடங்கும் தேதி. இன்னோர் எண் இருபது. தண்டனையைப் பின்னமாகக் கணக்கிட வேண்டி வந்தால் ஆயுளை இருபதாக எடுத்துக்கொள் என்பது, வெறும் கணக்கு வாய்ப்பாடு. மறுபடியும் பாருங்கள், தரையைக் கூரை என்று படிக்கிறோம். நான் அன்றைக்குச் செய்த அதே தப்பு.

தூக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். அரிதினும் அரிதான வழக்கில் மட்டும் என்பது 1980-ல் பச்சன் சிங் வழக்கிலிருந்து வருகிறது. கேரளாவில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1991-ல் கண்ணூரில், தமிழ்நாட்டில் 1995-ல் சேலத்தில். அதோடு நிறுத்துகிறேன், காதுகுத்தில் ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டோம்.

3 டிசம்பர்

28-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். கேரளாவின் கடுமை ஏதோ அபத்தம் என்கிற தொனி வந்துவிட்டது. அது முழு உண்மை இல்லை.

2000 அக்டோபரில் கொல்லம் பக்கம் கல்லுவாதுக்கலில் விஷச்சாராயத்தில் 31 பேர் செத்தார்கள், பலருக்குக் கண் போனது. 1982 ஓணத்துக்குக் கொச்சி பக்கம் வைப்பினில் எழுபதுக்கு மேல். வைப்பினுக்குப் பிறகுதான் விஷம் கலந்து உயிர் போனால் மரண தண்டனை வரை என்று அப்காரி சட்டத்தில் ஒரு பிரிவு நுழைந்தது. நம் பக்கம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி, அறுபதுக்கு மேல். உடனே தமிழ்நாடும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் வரை ஏற்றியது. பிணங்கள் வரிசையாக விழுந்த பிறகே எண்கள் ஏறுகின்றன. ஏறிய எண் அப்புறம் இறங்குவதில்லை.

ஸ்பிரிட் கேஸ் கட்டுகளை நான் தூக்கிய காலத்தில் எங்கள் தரப்பு ஜெயிப்பதுதான் எனக்குச் சந்தோஷம். அப்காரி கேஸ்கள் சீலில் உடையும். லேபுக்கு அனுப்பிய சாம்பிளில் வைத்த சீலின் மாதிரி கூடவே அனுப்பும் கடிதத்தில் இல்லை, அல்லது அனுப்ப ஏன் இத்தனை நாள் ஆனது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான், விடுதலை. கண் போன ஒருவரை ஒரு தடவை கோர்ட் வராந்தாவில் பார்த்தேன். பேரன் கையைப் பிடித்து வந்திருந்தார். அன்றைக்கும் எங்களுக்கு ஒரு சீல் கேஸ் ஜெயித்தது, அவருடையது இல்லை, வேறு. ஆனாலும் அந்த மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே லாரிக்குப் பத்து வருஷம் போதுமா என்றுகூட நான் கேட்பேன். நாலு பாட்டிலுக்கும் அதே வரியா என்பதில்தான் என் சண்டை. கஞ்சாச் சட்டத்தில் ஒரு கிலோ, இருபது கிலோ என்று படி வைத்திருக்கிறார்களே, 55-ல் அந்தப் படி இல்லை. முப்பத்தைந்து லிட்டர் கேனும் முக்கால் லிட்டர் பாட்டிலும் ஒரே வாசலில்தான் நுழைகின்றன. உள்ளே போன பிறகு நீதிபதியின் இரக்கம்தான் படி.

5 டிசம்பர்

ஜாமீன் உத்தரவாகிவிட்டதாம். ஆனால் ஆள் இன்னும் உள்ளே. இரண்டு ஜாமீன்தார் வேண்டும், கரம் (நிலவரி) அடைத்த ரசீதோடு. பொள்ளாச்சிப் பெரியப்பா பத்து ஏக்கர் தோப்புக்குக் கிஸ்தி ரசீது கொண்டுபோயிருக்கிறார், வெளிமாநில ரசீது, சரிபார்க்க வேண்டும் என்று தள்ளி வைத்துவிட்டார்களாம். பத்து ஏக்கர் தென்னைக்கு மதிப்பில்லை, கொழிஞ்சாம்பாறையில் பத்து சென்ட் இருந்தால் ராஜா.

வக்கீலிடம் 1978-ஆம் வருஷத்து மோத்தி ராம் தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கொத்தனாரின் ஜாமீன்தார் வேறு மாவட்டத்துக்காரர் என்று மாஜிஸ்ட்ரேட் தள்ளிய வழக்கு. அப்படித் தள்ளக் கூடாது என்று எழுதியவர் வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டில் பிறந்தவர், 1957-ல் கேரளாவின் முதல் அமைச்சரவையில் சட்டமும் சிறையும் பார்த்தவர். வேற்று மொழிக்காரன் வெளியூரில் சிக்கினால் அவனுக்கு யார் ஜாமீன் நிற்பார் என்று அதில் தமிழனையும் மலையாளியையும் பெயர் சொல்லியே கேட்டிருப்பார். எல்லைக்காரனுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

இதற்கிடையில் தங்கச்சி மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தீர்ப்பு சரிதான், பக்கத்து வீட்டு ரசீது சீக்கிரம் வேலை செய்யும்.

6 டிசம்பர்

பக்கத்து வீட்டு ரசீது வேலை செய்துவிட்டது.

9 டிசம்பர்

நேற்று அந்த மாப்பிள்ளை என் வீட்டுக்கே வந்துவிட்டார், மச்சினனையும் கூட்டிக்கொண்டு. இருபத்தெட்டு வயதுப் பையன், இளைத்திருந்தான். மகசர் நகல் கொண்டுவந்தார்கள். முழுக்க மலையாளம். 'என்ன எழுதியிருக்குன்னு தெரியாமத்தான் கையெழுத்துப் போட்டேனுங்க' என்றான். கைதுக்கான காரணத்தை எழுத்தில், ஆளுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போன மாதம் 6-ஆம் தேதிதான் சொல்லியிருக்கிறது. இவனைப் பிடித்தது அதற்குப் பிறகு. வக்கீல் அதைக் குறித்துக்கொண்டிருக்கிறார்.

வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். நாலு பாட்டில், ஒவ்வொன்றும் 750 மில்லி, லேபிள் விவரம், கார் நிறம், இரண்டு சாட்சிகள். ஒரு சாட்சி ரோட்டோரக் கோழிக்கடைக்காரர், பயல் கடையில்லாத இடத்தில் மாட்டியிருந்தால் சாட்சியே கிடைத்திருக்காது. நான் தேடிய சொல் 'விற்பனைக்காக'. இரண்டு தடவை படித்தேன். எங்கேயும் இல்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்று அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார் அந்த அதிகாரி, விசேஷ வீட்டுக்காரர் பெயர் உட்பட. எழுதாமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேலே பிரிவு 55(ஏ) என்றுதான் இருக்கிறது. கீழே உள்ள வரிகளோ 63-ஐப் பார்த்து நகர்கின்றன. குற்றப்பத்திரிகையில் எது வரும் என்பது லேப் அறிக்கை வந்த பிறகு.

கார் விஷயமாக மாமனாருக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. அலமாரியில் வைக்கவில்லை.

சனிக்கிழமை தோறும் பத்து மணிக்குள் எக்சைஸ் ஆபீஸில் கையெழுத்து. பொள்ளாச்சியிலிருந்து பஸ். கிளம்பும்போது பையன் கேட்டான், காதுகுத்து அன்றைக்கு அப்புறம் என்ன செய்தார்கள் என்று. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'இந்தப் பக்கத்துக் கடையில்தான் வாங்கினோம், மச்சான். ஒரு மணி நேரம் வரிசை' என்றார்.